இரத்த நாளங்களைக் காட்டும் உலோகம்

நாடி இல்லா நோய் என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடும் ஒரு நோய் உண்டு. பெரும்பாலும் இளம்பெண்களையே அது பற்றுகிறது. முதலில் இலேசான காய்ச்சல், உடற்சோர்வு, எடைக் குறைவு. பின்னர் துணி பிழியும்போதோ தலை வாரும்போதோ கை சோர்ந்து வலிக்கத் தொடங்கும். மருத்துவர் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தால் ஒரு கையில் நாடி மெலிந்திருக்கும். சிலருக்கு அறவே தட்டாது. இரு கைகளிலும் எடுத்த இரத்த அழுத்தம் ஒன்றோடொன்று பொருந்தாது. மகா தமனியின் சுவரும் அதிலிருந்து பிரியும் பெருங்கிளைகளின் சுவர்களும் அழற்சியால் தடித்து, உள்வழி குறுகிப்போவதே இதற்குக் காரணம். ஜப்பானின் கனசாவா நகரில் கண் மருத்துவராயிருந்த மிகிட்டோ தகயாசு, ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் தாம் கண்ட விந்தையான நாளப் பின்னலை 1908ஆம் ஆண்டு அறிவித்தார். அவர் பெயராலேயே இது தகயாசு தமனி அழற்சி என வழங்கலாயிற்று.

மேலைநாடுகளில் அரிதான இந்நோய் ஜப்பான், கொரியா, இந்தியா, துருக்கி போன்ற நாடுகளில் கூடுதலாகக் காணப்படுகிறது. நம் நாட்டில் இதனை ஆழ்ந்து ஆராய்ந்துவரும் இடங்களுள் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முதன்மையானது எனலாம். மருத்துவர் தேபாசிஷ் தண்டா அங்கு உருவாக்கிய மூட்டு மற்றும் தடுப்பாற்றல் நோய்த் துறையினர், 600க்கும் மேற்பட்ட தகயாசு நோயாளிகளின் போக்கைப் பின்தொடர்ந்து ஆய்வு வெளியிட்டுள்ளனர். இலக்னோவின் ராம்நாத் மிஸ்ரா முதலியோருடன் இணைந்து அவர் வகுத்த 'ஐட்டாஸ் 2010' என்னும் இந்திய மதிப்பீட்டு முறை 2013இல் அச்சேறியது. அதிலுள்ள 44 கூறுகளில் 33 இதயத்தையும் இரத்த நாளங்களையும் பற்றியவை. விரலாலும் செவிக்குழலாலும் அறியக்கூடியவற்றைக் கொண்டே நோயின் வேகத்தை அளக்க முயலும் முறை அது. செலவு மிகுந்த படங்களை அடிக்கடி எடுக்க இயலாத நாட்டுக்கு ஏற்றது. ஆயினும் நாளம் எங்கே குறுகியிருக்கிறது, சுவர் எவ்வளவு தடித்திருக்கிறது என்பதை விரல் சொல்லாது. கண்ணால் கண்டே ஆக வேண்டும். அதுவும் ஒருமுறை கண்டு விடுவதற்கில்லை. இருபது வயதில் நோய் கண்டவருக்கு நாற்பது வயதிலும் அந்த நாளங்களைப் பார்க்கும் தேவை இருக்கும்.

காவேரிப்பாக்கத்தில் பேருந்தேறி வேலூர் மருத்துவமனைக்குச் செல்லும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்ப்போம். வாலாஜாப்பேட்டை, இராணிப்பேட்டை, பாலாற்றுப் பாலம், ஆற்காடு, மேல்விஷாரம் என ஏறத்தாழ 40 கிலோமீட்டர் அவர் கடக்கிறார். வழிநெடுகத் தோல் பதனிடும் ஆலைகள். ஊர் வழக்கில் சொன்னால் தோல் ஷாப்புகள். நம் சமுதாயத்தாரில் பல தலைமுறையினருக்குச் சோறும் கல்விச்சாலைகளும் தந்த தொழில் அது. அந்த ஆலைகளில் சுழலும் மர உருளைகளுக்குள் ஓர் உலோகத்தின் உப்பு பச்சைத் தோலினுள் இறங்கி அதை நீலமாக்கிக் கொண்டிருக்கிறது. மருத்துவமனை சேர்ந்ததும் அப்பெண்ணின் கை நரம்பில் வேறோர் உலோகத்தின் உப்பு ஏற்றப்படுகிறது. முன்னது குரோமியம், பின்னது காடோலினியம். இரண்டையும் ஆள்வது ஒரே வேதியியல்தான். உலோகத்தை எவ்வளவு இறுகப் பிடிப்பது, எதை மட்டும் விட்டுக் கொடுப்பது என்பதே அதன் சாரம். நாளங்களைக் காட்டும் மருந்தின் வரலாற்றை இந்தப் பிடியின் வரலாறாகவே படிக்கலாம் என்பது என் கருத்து.

உயிருள்ள உடலுக்குள் இரத்தம் எவ்வழி செல்கிறது என்பது நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. இதயத்தின் வல அறையிலிருந்து இட அறைக்கு இடைச்சுவரிலுள்ள கண்ணுக்குப் புலப்படாத துளைகள் வழியே இரத்தம் கசிகிறது என்றார் கிரேக்க மருத்துவர் காலன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அக்கூற்று கேள்வியின்றி ஏற்கப்பட்டது. இப்னு சீனாவின் அல்கானூனில் உள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு உரை எழுதிய இப்னு நஃபீஸ் (இறப்பு ஹிஜ்ரி 687, கி.பி. 1288), அச்சுவரில் துளை ஏதும் இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் வருகிறது என்று துணிந்து மறுத்தார். உரையாசிரியர் மூல நூலாசிரியரை மறுத்த அரிய நிகழ்வு அது. தம் வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்ற அப்பெரியாரின் இக்கண்டுபிடிப்பு உலகின் நினைவிலிருந்து நழுவியிருந்தது. 1924இல் முஹ்யித்தீன் தத்தாவி என்னும் எகிப்திய மருத்துவர் பெர்லின் நூலகத்து ஏட்டுச்சுவடியில் அதைக் கண்டெடுத்தார். இப்னு நஃபீஸ் துளை இல்லை என்று முடிவு கட்டியது தருக்கத்தாலும் உடற்கூற்று அறிவாலுமே. ஓடும் இரத்தத்தை அவர் பார்க்கவில்லை. பார்க்க வழியும் இல்லை.

வழி பிறந்தது 1896இல். ரான்ட்ஜன் தம் எக்ஸ் கதிர்களை அறிவித்த சில வாரங்களுக்குள் வியன்னாவில் ஹஷெக், லிண்டன்டால் என்னும் இருவர், துண்டிக்கப்பட்ட ஒரு கையின் நாளங்களில் சுண்ணாம்பு, இரசக் கந்தகச் செந்தூரம், பெட்ரோலியம் ஆகியன கலந்த குழம்பைச் செலுத்திப் படம் எடுத்தனர். படம் பதிய 57 நிமிடங்கள் ஆயின. உயிருள்ளவருக்கு அக்குழம்பைச் செலுத்த முடியுமா? முடியாது. அன்று எழுந்த கேள்விதான் இன்றும் நிற்கிறது: காட்டவும் வேண்டும், கொல்லவும் கூடாது. 1927இல் போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் அயோடின் உப்பால் மூளையின் நாளங்களைக் காட்டினார். பிறகு தோரியம் ஆக்சைடு கொண்ட தோரோட்ராஸ்ட் என்னும் மருந்து வந்தது. படம் அருமையாக விழுந்தது. உடனடியாக எந்தத் தொல்லையும் தெரியவில்லை. ஆனால் அது உடலைவிட்டு நீங்கவே இல்லை. கல்லீரலில் தங்கி, கதிர்வீச்சை உமிழ்ந்தபடியே இருந்து, இருபது முப்பது ஆண்டுகள் கழித்துப் புற்றாக வெளிப்பட்டது. உலோகம் உள்ளே போவது எளிது, வெளியேற்றுவதே அரிது என்னும் பாடத்தை மருத்துவ உலகம் அப்போது கற்றிருக்க வேண்டும். பாதிதான் கற்றது என்பதைப் பின்னர் காண்போம்.

காந்த ஒத்ததிர்வுப் படமாக்கம், அதாவது எம்.ஆர்.ஐ., எக்ஸ் கதிர்களை நாடுவதில்லை. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீர் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் கருக்கள் நுண்காந்தங்கள். வலிய காந்தப்புலத்தில் அவை ஒரு திசையில் சாய்கின்றன. வானொலி அலையால் தட்டினால் நிலை பிறழ்ந்து, மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும் வேகம் திசுவுக்குத் திசு வேறுபடுவதே படமாகிறது. இரத்தத்திலுள்ள நீர் திரும்புவதற்கு ஒரு நொடிக்கும் சற்றுக் கூடுதலான நேரம் பிடிக்கும். அடுத்தடுத்து விரைந்து தட்டும் கருவிக்கு இது தாமதம். எனவே இரத்தம் மங்கலாகவே தெரியும். அந்த நேரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைத்துவிட்டால் இரத்தம் மட்டும் வெள்ளை வெளேரென்று ஒளிரும்; சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் இருளில் நிற்கும். இந்த வேலையைச் செய்வதற்காகத்தான் வேறுபடுத்து மருந்து. ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்போர் 'கான்ட்ராஸ்ட் ஊசி' என்பார்கள்.

நீரின் கருக்களை விரைந்து திரும்பச் செய்வது எது? அணுவில் இணை சேராமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான்கள். அவை கருவைக் காட்டிலும் பன்னூறு மடங்கு வலிய காந்தங்கள். காடோலினிய அயனியில் அத்தகைய எலக்ட்ரான்கள் ஏழு, மாங்கனீசிலும் இரும்பிலும் ஐந்து, நம் தோல் ஷாப்புகளின் குரோமியத்தில் மூன்று. (காடோலினியம் அருமண் உலோகம் என்பதால் எங்கோ தொலைதேசத்துச் சரக்கு என்று எண்ண வேண்டாம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலுள்ள மோனசைட்டிலும் அது சிறிதளவு உண்டு.) எண்ணிக்கை மட்டுமே கணக்கென்றால் ஏழு மூன்றை வென்றுவிட்டது என்று முடித்துவிடலாம். ஆனால் 1980களின் தொடக்கத்தில், எம்.ஆர்.ஐ. இளமையாயிருந்தபோது, குரோமியத்தை இ.டி.டி.ஏ. என்னும் மூலக்கூறோடு பிணைத்து விலங்குகளில் வேறுபடுத்து மருந்தாகச் சோதித்துப் பார்த்தார்கள் என்பது நம் பகுதியினர் அறியத்தக்க செய்தி. அது நிலைபெறாமல் போனதற்கும், அதே குரோமியம் தோலில் நிலைபெற்றதற்கும் காரணம் ஒன்றே.

தோலின் உடல் கொல்லாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிய கயிறு போன்றது அது. அக்கட்டமைப்பை 1954இல் உலகுக்கு முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். கொல்லாஜன் இழைகளின் ஓரங்களில் உள்ள அமிலத் தொகுதிகளைக் குரோமியம் பற்றிக்கொண்டு இழைக்கும் இழைக்கும் பாலமிடுகிறது. பச்சைத் தோல் 60, 65 டிகிரி வெந்நீரிலேயே சுருண்டுவிடும். குரோமியம் ஏறிய தோல் கொதிநீரையும் தாங்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வாரக்கணக்கில் செய்த வேலையைக் குரோமியம் ஓரிரு நாளில் முடிக்கிறது. 1884இல் நியூயார்க்கின் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றலே இன்றைய குரோம் பதனீடு. குரோமியம் பற்றினால் விடாது என்பதே அதன் சிறப்பு. நீரில் கரைந்த குரோமிய அயனி தன்னைச் சூழ்ந்த நீர் மூலக்கூறுகளில் ஒன்றை விட்டு இன்னொன்றை ஏற்க நாட்கள் ஆகும். நாட்கள் என்பது உயர்வு நவிற்சியன்று, அளந்து கண்ட உண்மை.

வேறுபடுத்து மருந்துக்கு இக்குணம் உதவாது. ஒரே நீர் மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு கிடந்தால் அந்த ஒன்றுதான் விரைந்து திரும்பும். சுற்றியுள்ள கோடானுகோடி மூலக்கூறுகள் பயன் பெறா. ஒரு மூலக்கூறைத் தொட்டு, அதன் கருவை நிலைக்குத் திருப்பி, உடனே விடுத்து அடுத்ததை ஏற்க வேண்டும். முதன்முதல் சந்தைக்கு வந்த காடோலினிய மருந்தில் இந்த மாற்றம் ஒரு நொடியில் 30 லட்சம் முறைக்கு மேல் நிகழ்கிறது. ஏழு எலக்ட்ரான்களுடன் இந்த வள்ளல் தன்மையும் சேர்ந்ததாலேயே காடோலினியம் அரசேறியது.

ஆனால் தனித்த காடோலினியம் நஞ்சு. அதன் அயனி கால்சியம் அயனியை ஏறத்தாழ ஒத்த பருமனுடையது. எனவே நரம்பும் தசையும் கால்சியத்துக்கென வைத்திருக்கும் வாயில்களை அது அடைத்துவிடும். இங்குதான் பிடியின் கலை தேவைப்படுகிறது. நீரைத் தாராளமாக விட வேண்டிய உலோகத்தை, உடலிடம் மட்டும் விட்டுவிடாமல் காக்க வேண்டும். பெர்லினின் ஷேரிங் நிறுவனத்தில் ஹன்ஸ்-யோவாகிம் வைன்மன் குழுவினர் டி.டி.பி.ஏ. என்னும் மூலக்கூறை இதற்குத் தேர்ந்தனர். காடோலினியத்தைச் சுற்றி ஒன்பது இருக்கைகள் உண்டென்று கொள்வோம். டி.டி.பி.ஏ. அவற்றில் எட்டில் அமர்ந்துகொண்டு, ஒன்பதாவதை வந்து போகும் நீருக்கு விட்டு வைக்கிறது. நண்டின் கொடுக்குபோல் பல முனைகளால் பற்றுவதால் இதைக் கொடுக்கிணைப்பு என்று நம் பாடநூல்கள் அழகாகவே பெயரிட்டுள்ளன. 1983இல் மனிதர்களுக்கு முதலில் செலுத்தப்பட்டு 1988இல் ஒப்புதல் பெற்ற அம்மருந்தே மேக்னவிஸ்ட். அடுத்து வந்தவற்றுள் சில டி.டி.பி.ஏ.யைப் போலத் திறந்த சங்கிலியாக அமைந்தவை. சில, டோட்டா என்னும் மூலக்கூறைப் போல உலோகத்தை வளையத்துக்குள் அடைத்தவை. கயிற்றால் கட்டிய பொருளுக்கும் மூடிபோட்ட செம்புக்குள் இட்ட பொருளுக்கும் உள்ள வேறுபாடு இது. கட்டு ஒருபுறம் தளர்ந்தால் மறுபுறமும் அவிழத் தொடங்கும். செம்பின் மூடி அவ்வாறு படிப்படியாகத் திறவாது. தொடக்க ஆண்டுகளில் இவ்வேறுபாட்டை மருத்துவர்கள் பெரிதாகக் கருதவில்லை. இரண்டும் ஒளிர்ந்தன, இரண்டும் ஒரே நாளில் சிறுநீரோடு வெளியேறின.

நாளங்களைப் படமெடுப்போருக்கு வேறொரு கவலை. இம்மருந்துகளின் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. நரம்பில் ஏற்றிய சில நிமிடங்களில் நுண்நாளச் சுவர்களின் இடுக்குகள் வழியே கசிந்து திசுவில் பரவிவிடும். நாளமும் ஒளிரும், சுற்றமும் ஒளிரும், வேறுபாடு போய்விடும். அமெரிக்க மருத்துவர் மார்ட்டின் பிரின்ஸ் 1990களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு வழி கண்டார். மருந்தை விரைவாகச் செலுத்தி, அது முதன்முறையாகத் தமனிகளில் பாயும் அந்தச் சில நொடிகளுக்குள், நோயாளி மூச்சை அடக்கியிருக்கும்போதே படத்தை எடுத்துவிடுவது. பந்தயத்தில் கசிவை முந்துவது என்று சொல்லலாம். மகா தமனி முதல் சிறுநீரகத் தமனி வரை, குழாய் நுழைக்காமல், கதிர்வீச்சின்றி ஒரே மூச்சில் காணக்கிடைத்தன. தகயாசு நோயாளியின் இடுங்கிய கைத்தமனியும் அடைபட்ட கழுத்துத் தமனியும் அவ்வாறே தெரிகின்றன.

கசிவையே பயனாக்கிக்கொண்டதையும் சொல்ல வேண்டும். முதற்பாய்ச்சல் முடிந்து சில நிமிடங்கள் கழித்து மீண்டும் பார்த்தால், அழற்சியுற்ற தமனிச் சுவரில் மருந்து தேங்கி அச்சுவர் ஒரு வளையம்போல் ஒளிரும். உள்வழி குறுகுமுன்பே சுவர் நோயுற்றிருப்பதை அது காட்டக்கூடும். வடு மட்டுமே எஞ்சிய சுவரும் சில வேளைகளில் ஒளிர்வதால், இதை மட்டும் நம்பி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ தேர்ந்த மருத்துவர்கள் முற்படுவதில்லை.

கசியாத மருந்தும் வந்தது. ராண்டல் லாஃபர் என்னும் வேதியியலார் காடோலினிய மூலக்கூறுக்கு ஒரு வால் பொருத்தினார். இரத்தத்தில் மிகுதியாயுள்ள அல்புமின் புரதத்தோடு அவ்வால் ஒட்டிக்கொள்ளும். பெரும்புரதத்தின் தோளில் ஏறிய மருந்து நாளத்துக்குள்ளேயே நெடுநேரம் தங்கும். அதோடு, பெரிய மூலக்கூறு மெதுவாகச் சுழல்வதால் ஒளிரச் செய்யும் ஆற்றலும் பன்மடங்காகும். ஒரு கூறு இரு குறைகளைத் தீர்த்த நேர்த்தியான வேதியியல். காடோஃபோஸ்வெசெட் என்ற பெயரில் 2005இல் ஐரோப்பாவிலும் 2008இன் இறுதியில் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்ற அது, 2010களில் இரு சந்தைகளிலிருந்தும் மறைந்துவிட்டது. பழைய மருந்தோடு பிரின்ஸ் காட்டிய வழி பெரும்பாலானோருக்குப் போதுமானதாயிருந்தது, விரைவான சி.டி. கருவிகளும் வந்துவிட்டன. நல்ல மருந்து என்பதும் விற்கும் மருந்து என்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையில் பிடி தளர்ந்த செய்தி வந்தது. 1997 முதல் அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிலருக்குக் கைகால் தோல் தடித்து, மரம்போல் இறுகி, மூட்டுகள் மடங்காமல் போகும் விசித்திர நோய் தென்பட்டது. 2000இல் மருத்துவ இதழில் அறிவிக்கப்பட்ட அதற்குக் காரணம் தெரியவில்லை. 2006இல் ஆஸ்திரியாவின் தாமஸ் கிரோப்னர் என்னும் சிறுநீரக மருத்துவர், காடோலினிய மருந்து பெற்ற தம் டயாலிசிஸ் நோயாளிகள் ஒன்பது பேரில் ஐவருக்கு இந்நோய் வந்ததைக் கண்டு எழுதினார். அவ்வாண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. நோயுற்ற தோலில் காடோலினியமும் கண்டறியப்பட்டது. நலமான சிறுநீரகம் ஒரே நாளில் வெளியேற்றுவதைச் செயலிழந்த சிறுநீரகம் நாட்கணக்கில் உடலுக்குள் சுற்ற விடுகிறது. அந்த நாட்களில் துத்தநாகம் முதலிய உடலின் உலோகங்கள் கயிற்றை இழுத்துப் பார்க்கின்றன. திறந்த சங்கிலிக் கட்டு அவிழ்கிறது. விடுபட்ட காடோலினியம் தோலில் படிய, அங்குள்ள செல்கள் அளவிறந்து கொல்லாஜனைச் சுரக்கின்றன. குரோமியம் இறந்த தோலின் கொல்லாஜனைப் பாலமிட்டுப் பதனிடுகிறது. இது உயிருள்ள தோலில் புதுக் கொல்லாஜனைக் குவிக்கிறது. இரண்டும் ஒரே வினை அல்ல. ஆயினும், பிடி இறுகியதால் பதமாகும் தோலையும் பிடி தளர்ந்ததால் இறுகும் தோலையும் அடுத்தடுத்து வைத்து எண்ணுகையில் மனம் ஒரு கணம் திகைக்கிறது.

வேலூரில் இது ஏட்டுச் செய்தியாக மட்டும் நிற்கவில்லை. இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது 1971இல் அங்குதான். நாடெங்கிலுமிருந்து சிறுநீரக நோயாளிகள் வரும் ஊர் அது. தகயாசு நோயோ பலருக்குச் சிறுநீரகத் தமனியையே குறுக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது. நாளடைவில் சிறுநீரகமும் கெடுகிறது. எவருக்கு நாளத்தைப் பார்ப்பது மிகத் தேவையோ, அவருக்கே பார்க்கும் மருந்து ஆபத்தாகும் நிலை. 2006க்குப் பின் சில ஆண்டுகள் அச்சத்தால் பலருக்குப் படமே மறுக்கப்பட்டது. அதுவும் தீங்குதான், காணப்படாத அடைப்பு பக்கவாதமாகவோ இதயச் செயலிழப்பாகவோ முடியலாம்.

வளைய அமைப்புள்ள மருந்துகளுக்கு மாறியதும் அந்நோய் புதிதாக வருவது ஏறத்தாழ நின்றுபோயிற்று. இன்றைய மருத்துவ நெறிகளின்படி, இம்மருந்துகளால் அந்நோய் வரும் வாய்ப்பு மிக மிக அரிது. சிறுநீரகம் மிகவும் கெட்டவருக்கும் தேவையான பரிசோதனையை அச்சத்தால் மறுக்கலாகாது. ஆயினும் கதை அத்தோடு முடியவில்லை. 2014இல் ஜப்பானின் தொமொனோரி காண்டா குழுவினர், பலமுறை இம்மருந்து பெற்றவர்களின் மூளையில் சில பகுதிகள் மருந்தேற்றாமலே ஒளிர்வதைக் காட்டினர். சிறுநீரகம் நலமாயிருந்தவர்களுக்கும் இது நேர்ந்தது. பெரிதும் சங்கிலி வகையாலேயே இவ்வாறு நேர்வதாகப் பின்னர் தெரிந்தது. அதனால் நோய் எதுவும் உண்டாவதாக மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் 2017இல் ஐரோப்பிய மருந்து முகமை, நரம்பில் ஏற்றும் சங்கிலி வகை மருந்துகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தி வைத்தது. இருபது ஆண்டுகள் படமெடுக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு இம்முடிவின் பொருள் என்ன என்பது சொல்லாமலே விளங்கும். தமக்கு ஏற்றப்பட்ட மருந்தின் பெயரைக் கேட்டு, ஒவ்வொரு முறையும் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வது அவர் உரிமை. கருவுற்றிருக்கும் ஐயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவுற்ற காலத்தில் இம்மருந்தை இயன்றவரை தவிர்ப்பதே நெறி.

ஆய்வுகள் இப்போது இரு திசைகளில் செல்கின்றன. ஒன்று, காடோலினியத்தைக் குறைத்தல். 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற காடோபிக்லெனால் வளைய வகையைச் சேர்ந்தது. ஓர் இருக்கைக்குப் பதிலாக இரண்டை நீருக்கு விட்டுக் கொடுப்பதால் பாதி அளவே போதும். இரு இருக்கைகளைத் திறந்து வைத்தும் பிடி தளராமல் காத்ததே அதன் வெற்றி. மற்றொன்று, காடோலினியத்தையே விடுத்து, உடலுக்குப் பழகிய உலோகங்களை நாடுதல். சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்காக 2009இல் ஒப்புதல் பெற்ற ஃபெருமாக்சிடால் என்னும் இரும்பு ஆக்சைடு நுண்துகள் மருந்து, மணிக்கணக்கில் நாளங்களுக்குள்ளேயே சுற்றுவதால் அவற்றை அழகாக ஒளிரச் செய்கிறது. எஞ்சும் இரும்பை உடல் தன் கையிருப்பில் சேர்த்துக்கொள்ளும். காடோலினியத்துக்கு அஞ்ச வேண்டியவருக்கு இது நல்வரவு. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை உண்டாகி உயிரிழப்பும் நேர்ந்ததால் 2015இல் எச்சரிக்கை கடுமையாக்கப்பட்டது. மெதுவாகவே ஏற்ற வேண்டும், கண்காணிக்க வேண்டும். மாங்கனீசை இறுகப் பிணைத்து நாளங்களைக் காட்டும் மருந்தொன்றைப் பாஸ்டனில் பீட்டர் கரவன் என்னும் வேதியியலாரின் குழு வடிவமைத்துள்ளது. அது மனிதச் சோதனை நிலையை எட்டியிருக்கிறது. மாங்கனீசும் மிகுந்தால் மூளையைத் தாக்கும் என்பதைச் சுரங்கத் தொழிலாளர்களிடம் உலகம் முன்பே கண்டது. ஆகவே அங்கும் முதற்கேள்வி பிடியைப் பற்றியதே.

இனி அப்பெண் ஊர் திரும்பட்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு வழக்கமான அளவு 10 மில்லிலிட்டர். அதில் உள்ள காடோலினியம் ஏறத்தாழ 0.8 கிராம். அன்று மாலைக்குள் பேருந்தேறினால், அதில் ஒரு பகுதி அவரோடு காவேரிப்பாக்கம் சேர்ந்து, அங்குள்ள கழிவறையில்தான் வெளியேறும். இறுகப் பிணைந்த மூலக்கூறு என்பதால் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. 1996இல் மிக்கேல் பாவ், பீட்டர் துல்ஸ்கி என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் பெர்லின் பகுதி ஆறுகளில் இயற்கைக்கு மிஞ்சிய காடோலினியம் இருப்பதைக் கண்டு, அது மருத்துவமனைகளின் வழி வந்தது என்று காட்டினர். இப்னு நஃபீஸின் ஏடு கிடைத்த நகரமும் முதல் காடோலினிய மருந்து பிறந்த நகரமும் அதுவே. எக்ஸ் கதிர்ப் படங்களுக்கான அயோடின் மருந்துகள் ஆற்றில் சேராமல் தடுக்க, நோயாளிகளிடம் சிறுநீர்ப் பைகளைக் கொடுத்தனுப்பும் முயற்சியும் ஜெர்மனியில் நடந்துள்ளது. ஆற்றில் காணப்படும் அளவு மிகச் சிறிது, அதனால் கேடு விளைந்ததாகச் சான்றும் இல்லை.

அதே 1996இல்தான் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவு குறித்துத் தீர்ப்பு வழங்கிற்று. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற கழிவுக் குவியல் அதன் பின்னும் பல்லாண்டுகள் அகற்றப்படாமலே கிடந்தது. குரோமியம் தோலில் பற்றியது போக எஞ்சியது எங்கே போகிறது என்று நாம் கேட்கத் தொடங்குவதற்கு நூறு ஆண்டுகள் ஆயின. காவேரிப்பாக்கத்துப் பெரிய ஏரி பல்லவர் காலத்தது. வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கேயுள்ள அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே அதற்கு நீர் வருகிறது. வேலூர் நகரம் அந்த அணைக்கட்டுக்கு மேல்புறம் இருக்கிறது. ஏரி நீரில் குரோமியத்தை அளக்க வரும் ஆய்வாளர்கள் இன்னொரு புட்டி நீரும் எடுத்துச் சென்று காடோலினியத்தை அளந்து வைக்கலாம்.